பிரெக்ஸிட்: கடைக்கும் வீட்டுக்கும் என்ன ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு தான் சேர்ந்திருந்த வர்த்தகக் கூட்டமைப்பை விட்டு வெளியேறினால் செலவு யார் தலையில் விழும்? நம் கண்முன்னே நடந்த பெரிய உதாரணம், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட். லண்டனில் கடை நடத்துபவர்கள், பாரிஸில் உறவுகள் உள்ளவர்கள், திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பிரிட்டன் எப்போது, எதிலிருந்து விலகியது?

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகவும் 48.1 சதவீதம் பேர் நீடிக்கவும் வாக்களித்தார்கள். சட்டப்படி விலகிய நாள் 2020 ஜனவரி 31. ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளே நடப்பில் இருந்தன. வியாபாரிக்கும் குடும்பத்துக்கும் மாற்றம் உறைக்கத் தொடங்கியது 2021 ஜனவரி 1 முதல்தான்.

இதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக இருப்பது ஒன்று. சுங்க ஒன்றியத்தில் இருப்பது இன்னொன்று: உள்ளுக்குள் சுங்கவரி கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடுகளும் ஒரே வரி விதிக்கும். மூன்றாவது ஒற்றைச் சந்தை: தரவிதிகள் ஒன்றே, ஓரிடத்தில் விற்க அனுமதி பெற்ற பொருளை எங்கும் விற்கலாம், ஆட்களும் பணமும் சேவைகளும் தடையின்றிப் போய்வரலாம். நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கி ஒற்றைச் சந்தையில் இல்லை, ஆனால் தொழிற்சாலைப் பொருட்களுக்கு மட்டும் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. பிரிட்டன் மூன்றையும் விட்டது. கீழே வரும் செலவுகளில் பெரும்பகுதி பின்னிரண்டை விட்டதால் வந்தது. வாக்குச்சீட்டில் அவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சுங்கவரியே இல்லாத ஒப்பந்தம் போட்டார்களே, அப்புறம் எங்கிருந்து செலவு வருகிறது?

2020 டிசம்பர் 24 அன்று முடிவான வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தம் சுங்கவரியும் அளவு உச்சவரம்பும் இல்லாத ஒப்பந்தம்தான். ஆனால் வரி பூஜ்யம் என்பதற்கும் எல்லை இல்லை என்பதற்கும் நிறைய தூரம். வரி பூஜ்யமாக இருந்தாலும் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டும், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று நிரூபிக்க வேண்டும், உணவென்றால் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், இறக்குமதியின்போது வாட் என்ற மதிப்புக்கூட்டு வரிக்கு வழி செய்ய வேண்டும். இந்தப் புதிய சுங்க அறிவிப்புகளால் மட்டும் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு சுமார் 7.5 பில்லியன் பவுண்டு செலவாகும் என்று அந்நாட்டு வரித்துறையே முன்கூட்டிக் கணித்திருந்தது.

இந்தச் செலவு சரக்கின் மதிப்பைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. ஒரு கண்டெய்னர் முழுக்க ஒரே பொருளை அனுப்புபவருக்கும், நான்கு பெட்டி அனுப்புபவருக்கும் ஏறக்குறைய அதே காகிதங்கள்தான். முழு கண்டெய்னரில் அது கரைந்துவிடும். நான்கு பெட்டியில் லாபமே போய்விடும். சுங்கவரி மதிப்புக்கு ஏற்ப வாங்கும், காகிதம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும். சிறியவர்கள் அதிகமாக அடிபட்டதற்குக் காரணம் இதுவே.

பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்ப இப்போது என்னென்ன வேண்டும்?

முதலில் ஈ.ஓ.ஆர்.ஐ. எண், அதாவது சுங்கத்துறை வியாபாரிக்குத் தரும் அடையாள எண். பிரிட்டனில் உள்ளவருக்கு அது 'ஜி.பி.' என்று தொடங்கும். மறுகரையில் வாங்குபவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான தனி எண் வேண்டும். உங்கள் எண் அங்கே செல்லாது.

அடுத்து பொருளின் சுங்கக் குறியீடு. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே. பிரிட்டனில் ஏற்றுமதிக்கு எட்டு இலக்கங்களும் இறக்குமதிக்குப் பத்தும் கேட்பார்கள். இதைத் தப்பாகப் போட்டால் வரியும் தப்பாகும், உற்பத்தி நாட்டு விதியும் தப்பாகும், எனவே நேரம் செலவழித்துச் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பிறகு இன்வாய்ஸ். அதில் மதிப்பு, நிகர எடை, உற்பத்தியான நாடு, யார் வரி கட்டுவது என்ற விநியோக நிபந்தனை எல்லாம் இருக்க வேண்டும். பூஜ்ய வரி வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் உள்ள வாசகத்தை அப்படியே இன்வாய்ஸில் எழுத வேண்டும், சொந்த வார்த்தையில் எழுதினால் ஏற்கமாட்டார்கள். அந்த வாசகத்துக்கு ஆதாரமான பதிவுகளை ஏற்றுமதி செய்பவர் நான்கு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஏற்றுமதி அறிவிப்பு ஒன்று பிரிட்டன் பக்கம், இறக்குமதி அறிவிப்பு ஒன்று ஐரோப்பா பக்கம். இரண்டும் தனித்தனி. பெரும்பாலானவர்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஏஜென்ட் தவறு செய்தாலும் பொறுப்பு பொதுவாகச் சரக்குக்காரர் தலையில்தான் வரும் என்பதால், தாக்கல் செய்ததன் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளையும் (பேலட்) மறக்கவேண்டாம். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்திய தட்டாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு பழைய தட்டுக்காகச் சரக்கையே திருப்பி அனுப்பலாம்.

எந்த இடத்தில் அதிகம் சிக்குகிறார்கள்?

'எங்கள் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற நிபந்தனையில் விற்பவர்கள் முதல் வகை. ஒற்றைச் சந்தையில் இருந்தபோது அது எளிய வழி. இப்போது அந்த நிபந்தனையின்படி ஏற்றுமதி நடைமுறையும் வாங்குபவர் பொறுப்பாகிறது. ஆனால் பிரிட்டனில் நிறுவனம் இல்லாதவர் அங்கே ஏற்றுமதியாளராக நிற்க முடியாது. சரக்கு நடுவில் நின்றுவிடும்.

அதற்கு நேரெதிர் நிபந்தனையில், வரி உட்பட வாசலில் சேர்க்கிறேன் என்று ஒப்புக்கொள்பவர்கள் இரண்டாம் வகை. அப்படிச் சொன்னால் அந்நாட்டு இறக்குமதி வாட்டும் உங்கள் தலையில். அதைத் திரும்பப் பெற அந்த நாட்டில் வாட் பதிவு வேண்டும். பதிவு இல்லாதவர்கள் 20 சதவீதம் போலத் தொலைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனுக்குள் இறக்குமதி செய்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வாட் பதிவு உள்ளவர்கள் துறைமுகத்தில் வாட்டைக் கையோடு கட்டாமல், அடுத்த வாட் கணக்கிலேயே வரவாகவும் செலவாகவும் காட்டலாம். சுங்க அறிவிப்பில் அந்த வசதியைத் தேர்ந்தெடுக்கும்படி ஏஜென்டிடம் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பணம் மாதக்கணக்கில் முடங்கும்.

உற்பத்தி நாட்டு விதி என்பது என்ன? அதில் ஏன் இவ்வளவு குழப்பம்?

பூஜ்ய வரி பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டுமே. பிரிட்டன் வழியாக வந்துபோகும் பொருளுக்கு இல்லை.

பிரிட்டிஷ் கடைத்தொடரான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பெர்சி பிக் மிட்டாய் 2021 தொடக்கத்தில் இதற்கு உதாரணமாகிப் போனது. ஜெர்மனியில் செய்து, பிரிட்டனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்கு அனுப்பினால் வரி விழலாம். ஐரோப்பாவில் பிறந்த பொருள்தான், ஆனால் பிரிட்டனில் அதற்கு எந்த வேலையும் செய்யாமல் அப்படியே திருப்பி அனுப்பும்போது சலுகையை இழக்கிறது.

தமிழ் மொத்த வியாபாரிகளை இது நேரடியாகத் தொட்டது. இந்தியாவிலோ இலங்கையிலோ உருவான துணியை, மளிகையை லண்டனில் மொத்தமாக இறக்கி, அங்கிருந்து பாரிஸ், ஜெர்மனிக் கடைகளுக்குப் பிரித்து அனுப்புவது முன்பு சாதாரணம். இப்போது லண்டனில் ஒருமுறை வரி, பிரான்சின் கலே துறைமுகத்தில் மறுமுறை வரி. பெரும்பாலான ஆயத்த ஆடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான வரி 12 சதவீதம். இரட்டை வரியைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. பிரிட்டனில் வரி கட்டி விடுவிக்காமல் சுங்கக் கிடங்கிலேயே வைத்து, அங்கிருந்து வரி கட்டாமல் கடந்துபோக விடும் டிரான்சிட் முறையில் அனுப்பலாம். அல்லது ஊரிலிருந்தே இரண்டு கண்டெய்னராகப் பிரித்து, ஒன்றை பிரிட்டனுக்கும் ஒன்றை ரோட்டர்டாம் போன்ற துறைமுகத்துக்கும் ஏற்றலாம். அளவு போதுமானதாக இருந்தால் இரண்டாவதே நல்லது.

கார்களுக்கு விதி சதவீதக் கணக்கில் வருகிறது. சாதாரண காரில் வெளிநாட்டுப் பாகங்களின் மதிப்பு 45 சதவீதத்தைத் தாண்டினால் 10 சதவீத வரி. மின்சாரக் கார்களில் பேட்டரியே பெரும் செலவு, அதுவும் ஆசியாவிலிருந்து வருவது என்பதால் தளர்வு கொடுத்தார்கள். 2024இல் இறுக்கப்பட வேண்டிய அந்தத் தளர்வை 2026 கடைசிவரை நீட்டித்தார்கள்.

உணவு வியாபாரம் ஏன் இவ்வளவு பாதிக்கப்பட்டது?

ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் இறைச்சி, மீன், பால், முட்டைக்கு ஐரோப்பா கேட்கும் கட்டுப்பாடுகள் உலகிலேயே கடுமையானவற்றில் அடங்கும். உள்ளே இருந்தபோது பிரிட்டனும் சேர்ந்து எழுதிய விதிகள் அவை. வெளியே போன முதல் நாளிலிருந்தே பிரிட்டனுக்கும் பொருந்தின. ஒவ்வொரு சரக்குக்கும் அதிகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். உறையவைக்காத சாசேஜ், கொத்துக்கறி போன்றவற்றுக்கு அனுமதியே கிடையாது. விதை உருளைக்கிழங்குக்கும் கதவு மூடியது.

2021 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மீன், இறால் வியாபாரிகள் நிலைகுலைந்தார்கள். அங்கே பல சிறு வியாபாரிகளின் பெட்டிகளை ஒரே லாரியில் சேர்த்து ஏற்றுவது வழக்கம். ஒருவருடைய படிவத்தில் ஒரு கட்டம் தவறானாலும் லாரி முழுவதும் நிற்கும். மற்ற எல்லாருடைய மீனும் கெடும். இதனால் ஒரு பெரிய போக்குவரத்து நிறுவனம் இப்படிச் சேர்த்து ஏற்றுவதையே சில நாள் நிறுத்தியது. சுத்தமான தாள் வைத்திருந்த மீனவரும் அடுத்தவர் தாளுக்காக நஷ்டப்பட்டார். அதே மாதம் நெதர்லாந்து எல்லையில் பிரிட்டிஷ் லாரி ஓட்டுநர்களின் இறைச்சி சாண்ட்விச்சுகளைக்கூட எடுத்துக்கொண்டார்கள். தனிமனிதர் கொண்டுவரும் இறைச்சிக்கும் பாலுக்கும் அதே தடைதான்.

எதிர்த்திசையில் பிரிட்டன் தன் சோதனைகளைப் பல முறை தள்ளிப்போட்டது. சுகாதாரச் சான்றிதழ் 2024 ஜனவரி 31இலும் நேரடிச் சோதனை 2024 ஏப்ரல் 30இலும்தான் வந்தன. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய விற்பனையாளருக்கு வழி திறந்திருக்க, பிரிட்டிஷ் விற்பனையாளர் மட்டும் முழுச் சுமையும் தூக்கினார். இது நியாயமே இல்லை என்பது எங்கள் கருத்து.

எத்தனை நிறுவனங்கள் ஐரோப்பிய ஏற்றுமதியை விட்டுவிட்டன?

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட கணக்கின்படி சுமார் 16,400 நிறுவனங்கள், அதாவது ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் 14 சதவீதம். மொத்தச் சரக்கு ஏற்றுமதி 6.4 சதவீதம் குறைந்ததாக அதே ஆய்வு கண்டது. 14க்கும் 6.4க்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். போனவர்கள் எண்ணிக்கையில் அதிகம், மதிப்பில் குறைவு. பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய பாதிப்பின்றித் தப்பின. சராசரி எண்ணை மட்டும் பார்த்து 'பெரிய பாதிப்பில்லை' என்று சொல்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வங்கி, சட்டம், இசை போன்ற சேவைகள்?

சேவை ஏற்றுமதி மொத்தத்தில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் துறைக்குத் துறை வேறுபாடு அதிகம். லண்டனில் பெற்ற ஒரே உரிமத்தை வைத்து ஐரோப்பா முழுதும் வங்கிச் சேவை விற்கும் வசதி போய்விட்டது. 2021 ஜனவரியிலேயே பங்கு வர்த்தகத்தில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது: ஒரு நாளைக்குச் சராசரியாக 9.2 பில்லியன் யூரோ, லண்டனில் 8.6 பில்லியன். சுற்றுப்பயணம் போகும் இசைக்குழுக்களுக்கு நாட்டுக்கு நாடு வேலை அனுமதி விதி மாறுகிறது, வாத்தியங்களைத் தனியாக லாரியில் அனுப்பினால் ஏ.டி.ஏ. கார்னெட் என்ற தற்காலிகச் சுங்கப் புத்தகமும் வேண்டும்.

வீட்டுச் செலவில் எவ்வளவு கூடியது?

இரண்டு அலைகளாகக் கூடியது. முதல் அலை வாக்கெடுப்பு நடந்த இரவே வந்தது. சுமார் 1.50 டாலராக இருந்த பவுண்டு சில மணி நேரத்தில் 1.32 டாலருக்கு விழுந்தது, 1985க்குப் பிறகு காணாத மட்டம். பிரிட்டன் சாப்பிடுவதிலும் உடுத்துவதிலும் பெரும்பங்கு இறக்குமதி. பவுண்டு விழுந்தால் கொள்முதல் விலை ஏறும், சில மாதங்களில் கடை விலையும் ஏறும். இதனால் 2018 நடுப்பகுதிக்குள் விலைவாசி 2.9 சதவீதம் கூடியதாகவும், சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 870 பவுண்டு கூடுதல் செலவானதாகவும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எல்லையில் ஒரு காகிதமும் மாறாத காலத்திலேயே இவ்வளவு.

இரண்டாவது அலை உணவில் வந்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் உணவு விலை பிரெக்ஸிட்டால் மட்டும் சுமார் 6 சதவீதம் ஏறி, ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 210 பவுண்டு கூடியது. ஆய்வாளர்கள் இதைப் பிரித்த விதம் எளிமையானது: தக்காளி, பன்றியிறைச்சி, ஜாம் போன்று பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருபவற்றையும், சூரை மீன், அன்னாசி போன்று வேறெங்கிருந்தோ வருபவற்றையும் ஒப்பிட்டார்கள். காகிதச் சுமை கூடிய முதல் வகையில் விலை அதிகம் ஏறியிருந்தது.

ஏழைக் குடும்பங்கள் வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கின்றன. எனவே அடிமட்டப் பத்து சதவீதக் குடும்பங்களுக்கு வாழ்க்கைச் செலவு 1.1 சதவீதம் கூடியது, மேல்தட்டுப் பத்து சதவீதத்துக்கு 0.7 சதவீதம்தான்.

எல்லா விலையேற்றத்துக்கும் பிரெக்ஸிட்தான் காரணமா?

இல்லை. 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டதற்குப் பெரிய காரணம் உக்ரைன் போருக்குப் பின் எகிறிய எரிவாயு விலை. அதற்கு முன்னால் கொரோனா. ஐரோப்பா முழுக்க அந்த அடி விழுந்தது.

பிரெக்ஸிட்டின் பங்கைப் பிரித்தெடுக்க 'இரட்டை நாடு' முறையைக் கையாள்கிறார்கள். 2016க்கு முன் பிரிட்டனைப் போலவே நடந்துகொண்ட சில நாடுகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து ஒரு கற்பனைப் பிரிட்டனை உருவாக்குவார்கள். அந்தக் கற்பனை நாடும் கொரோனாவையும் எரிவாயு விலையையும் சந்தித்திருக்கும். அதற்கும் நிஜப் பிரிட்டனுக்கும் இடையே 2016க்குப் பின் விழுந்த இடைவெளியே மதிப்பீடு. எந்த நாடுகளைக் கலக்கிறோம் என்பதில் விடை மாறும், அதனால் ஒற்றை எண்ணாக யாராவது அடித்துச் சொன்னால் எச்சரிக்கையாகக் கேளுங்கள்.

அரசின் நிதிக் கணிப்புகளைச் செய்யும் சுதந்திர அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதமும் ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதமும் குறையும் என்று வைத்துக் கணக்கிடுகிறது. 2025 நவம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுத் தாள் உள்நாட்டு உற்பத்தி 6 முதல் 8 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொன்னது. என்ன விதி வரும் என்றே தெரியாமல் நிறுவனங்கள் முதலீட்டை ஆண்டுக்கணக்கில் ஒத்திவைத்தது அதற்கு ஒரு காரணம். இந்த இழப்பு எந்தச் சீட்டிலும் விழாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. வாங்காமல் விட்ட இயந்திரமும் ஏறாமல் போன சம்பளமும் யார் கணக்கிலும் தனி வரியாக வருவதில்லை.

விலகினால் வாரத்துக்கு 350 மில்லியன் பவுண்டு மிச்சமாகும் என்று பிரச்சாரத்தில் சொன்னார்களே?

அந்த எண் பிரிட்டன் ஒன்றியத்துக்குக் கட்டவேண்டிய உறுப்பினர் சந்தாவில், தள்ளுபடியைக் கழிக்காத மொத்தத் தொகை. பிரிட்டனுக்கான தள்ளுபடி பணம் போவதற்கு முன்பே கழிக்கப்படும், அதாவது அந்தப் பகுதி ஒருபோதும் அனுப்பப்படவில்லை. மீதியிலும் விவசாய மானியமாக, பிராந்திய நிதியாகக் கணிசமாகத் திரும்பியது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே அந்தப் பயன்பாடு தவறாக வழிநடத்துவது என்று கண்டித்தது. நிகரச் செலவு ஆண்டுக்கு 9 பில்லியன் பவுண்டு அளவில் இருந்தது. பொருளாதாரம் 4 சதவீதம் சிறுத்தால் போவது 100 பில்லியன் பவுண்டுக்கு மேல், அதில் அரசுக்கு வரவேண்டிய வரி மட்டுமே மிச்சமான சந்தாவைப் பல மடங்கு தாண்டிவிடும்.

லண்டனிலிருந்து பாரிஸில் உள்ள அக்காவுக்குப் பார்சல் அனுப்பினால் வரி வருமா?

தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோவுக்குள் இருந்தால் வராது. எதிர்த்திசையில் பிரிட்டனுக்குள் வரும் பரிசுக்கு வரம்பு 39 பவுண்டு. எவ்வளவு சிறிய பார்சலானாலும் சுங்கப் படிவம் ஒட்ட வேண்டும். ராயல் மெயிலில் 270 பவுண்டு மதிப்புவரை சி.என். 22, அதற்கு மேல் சி.என். 23. 'பரிசு' என்று மட்டும் எழுதாமல் 'பருத்திச் சேலை 1, 30 பவுண்டு' என்பதுபோல உள்ளே இருப்பதை விவரமாக எழுதுங்கள். நெய், பால் இனிப்பு, கருவாடு, இறைச்சி ஊறுகாய் என்று வீட்டுப் பண்டங்களை வைப்பதற்கு முன் விதியைப் பாருங்கள். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் போக முடியாது.

கடையிலிருந்து வாங்கும் பொருள் வேறு கணக்கு. பிரிட்டனுக்கு வருவது 135 பவுண்டுக்குள் என்றால் விற்பவரே வாட்டைச் சேர்த்து வாங்கவேண்டும். ஐரோப்பாவுக்குப் போவது 150 யூரோவுக்குள் என்றால், ஐ.ஓ.எஸ்.எஸ். பதிவு (இணைய விற்பனை வாட்டை ஒரே இடத்தில் கட்டும் முறை) உள்ள விற்பனையாளர் வாட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார். பதிவு இல்லாதவரிடம் வாங்கினால் தபால்காரர் வாசலில் வந்து வாட்டோடு கையாளும் கட்டணமும் கேட்பார். 20 யூரோ பொருளுக்குக் கட்டணம் கேட்டதும் வாங்காமல் திருப்பிவிடுபவர்கள் நிறைய, திரும்பிவரும் பொருளுக்குச் செலவு கடைக்காரருக்கு.

விடுமுறைக்கு ஐரோப்பா போக என்ன மாறியது?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) தங்கலாம். உள்ளே நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டு பத்து ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, வெளியேறும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்ல வேண்டும். விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுபவர்கள் பெரும்பாலும் முதல் நிபந்தனையில்தான் சிக்குகிறார்கள்: காலாவதித் தேதியைப் பார்ப்பார்கள், வழங்கிய தேதியைப் பார்க்கமாட்டார்கள். நாய், பூனைக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் கால்நடை மருத்துவரின் புதுச் சான்றிதழ் வேண்டும்.

வேலைக்கு ஆள் கிடைப்பது ஏன் கடினமானது?

ஐரோப்பியர் அனுமதியின்றி வந்து வேலை செய்யும் உரிமை 2020 முடிவோடு போயிற்று. அதன் இடத்தில் வந்தது, சம்பள வரம்போடு கூடிய, தகுதிக்குப் புள்ளி தரும் விசா முறை. திறன்சார் பணியாளருக்கான பொது வரம்பு 25,600 பவுண்டில் தொடங்கி, 2024 ஏப்ரலில் 38,700 ஆகவும் 2025 ஜூலையில் 41,700 ஆகவும் ஏறியது. உணவகச் சமையலாளர், கோழிப் பண்ணைத் தொழிலாளி, லாரி ஓட்டுநர் சம்பளங்கள் அதற்குக் கீழே. 2021 இலையுதிர்காலத்தில் லாரி ஓட்டுநர் பற்றாக்குறையால் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றபோது அரசு அவசரமாக 5,000 லாரி ஓட்டுநர்களுக்கும் 5,500 கோழிப் பணியாளர்களுக்கும் தற்காலிக விசா அறிவித்தது.

அதேசமயம் 2023வரை மொத்தக் குடியேற்றம் குறையவில்லை, கூடியது. மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு வேலைகளுக்கு இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். குறைவான சம்பளத்தில், உணவகத்திலும் வயலிலும் வேலை செய்ய வந்த ஐரோப்பியர்களின் இடம் நிரம்பவில்லை.

பிரெஞ்சு, ஜெர்மன், டச்சுக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் பிரிட்டனில் இருந்தால்?

பிள்ளைகளின் படிப்புக்காகவும் உறவுக்காகவும் ஐரோப்பாவிலிருந்து லண்டனுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் நிறைய உண்டு. 2020 டிசம்பர் 31க்குள் பிரிட்டனில் வசிக்கத் தொடங்கியிருந்தால் ஐரோப்பியக் குடியேற்றத் திட்டத்தின்கீழ் உரிமை உண்டு. விண்ணப்பக் கடைசித் தேதி 2021 ஜூன் 30. தக்க காரணம் காட்டித் தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம், ஆனால் தள்ளத்தள்ள நிரூபிப்பது கடினம். இந்த உரிமைக்கு அட்டை கிடையாது, இணையக் கணக்கில்தான் இருக்கும். பாஸ்போர்ட் புதுப்பித்ததும் புது எண்ணை அதில் சேர்க்காதவர்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு முதன்முதலாக வருபவருக்கு ஐரோப்பியப் பாஸ்போர்ட் வேலை உரிமை தராது.

வடக்கு அயர்லாந்து மட்டும் ஏன் தனி?

பிரிட்டனின் பகுதியான வடக்கு அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே மீண்டும் சோதனைச் சாவடி வரக்கூடாது என்பதற்காக, சரக்குகளைப் பொறுத்தவரை வடக்கு அயர்லாந்து ஐரோப்பிய விதிகளிலேயே இருக்கிறது. அதனால் சோதனை எல்லை, பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள கடலுக்கு நகர்ந்தது. பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட 2023 வின்ட்சர் உடன்பாட்டின்படி அங்கேயே விற்கும் சரக்குக்குப் பச்சை வழி, அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி. அங்குள்ள உற்பத்தியாளர் இரண்டு சந்தைகளுக்கும் தடையின்றி விற்கலாம், அங்கே பொருள் வாங்குபவருக்கோ பிரிட்டிஷ் கடைகள் சில 'அந்த முகவரிக்கு அனுப்புவதில்லை' என்று கைவிரிக்கின்றன.

ஒரு நன்மையும் இல்லையா?

உண்டு. 2025இல் அமெரிக்கா வரிகளை ஏற்றியபோது பிரிட்டனுக்கு அடிப்படை வரி 10 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 15. தனியாக இருந்ததால் கிடைத்த வித்தியாசம் அது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியாவோடு சொந்த ஒப்பந்தங்கள் போட முடிந்தது. ஆனால் எடை போட்டுப் பாருங்கள்: ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால் 2035க்குள் உற்பத்தி 0.08 சதவீதம் கூடும் என்பது பிரிட்டிஷ் அரசின் சொந்தக் கணிப்பு. பிரிட்டனின் ஏற்றுமதியில் ஏறக்குறைய 41 சதவீதமும் இறக்குமதியில் பாதியும் இன்னும் பக்கத்து வீட்டாரோடுதான்.

திருப்பூருக்கும் இலங்கைக்கும் இதில் என்ன?

முன்பு ஒரே வாங்குநர், ஒரே லேபிள், ஒரே துறைமுகம் போதும். இப்போது இரண்டு சந்தை, இரண்டு இறக்குமதியாளர், இரண்டு வரிச் சலுகைத் திட்டம். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் ஆடைகளுக்கான வரியை நீக்குவதற்கு வகைசெய்கிறது. ஏற்கெனவே வரியின்றி நுழையும் வங்கதேசத்தோடு திருப்பூர் போட்டிபோட அது வழிவிடும். இலங்கைக்கு பிரிட்டன் தன் சொந்த வளரும் நாடுகள் திட்டத்தில் சலுகை தருகிறது, துணியை எங்கிருந்து வாங்கித் தைத்தாலும் ஆடைக்கு வரிவிலக்கு என்று 2025 ஜூலையில் அறிவித்தது. ஆனால் பிரிட்டனுக்கு வரியின்றிப் போன ஆடையை அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் திருப்பினால் மேலே சொன்ன கதைதான். வாங்குநர் 'எல்லாவற்றையும் லண்டன் கிடங்குக்கே அனுப்புங்கள்' என்றால், ஐரோப்பியப் பங்குக்கு வரி யார் கட்டுவது என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

இனி என்ன மாறும்?

2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் உணவு, தாவரச் சோதனைகளைப் பெருமளவு நீக்கும் உடன்பாட்டைப் பேசி முடிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அது நடப்புக்கு வந்தால் சுகாதாரச் சான்றிதழ் போகும், மீன் லாரி நிற்காது. பதிலுக்கு பிரிட்டன் ஐரோப்பிய உணவு விதிகளை, அவை மாறும்போதெல்லாம் தானும் பின்பற்ற வேண்டும், அவற்றை எழுதும் மேசையில் இடமில்லாமல். சுங்க அறிவிப்பும் உற்பத்தி நாட்டு விதியும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவை சுங்க ஒன்றியத்தை விட்டதால் வந்தவை. அதற்குத் திரும்பும் பேச்சை அந்த மாநாடு தொடவில்லை. உணவு வியாபாரி கால்நடை மருத்துவருக்கான செலவைக் குறைத்துத் திட்டமிடலாம், கஸ்டம்ஸ் ஏஜென்டுக்கான செலவைக் கணக்கில் வைத்தே விலை சொல்ல வேண்டும்.